தராசில் வைத்த பை

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்பதால் பேனை நழுவும், வரி மேலே ஏறும், கீழே இறங்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்கு லேசு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது.

எங்கள் தோட்டத்தில் ஓ லெவல் எழுதி முடித்த பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பார்கள். "மாமா, நீங்க வேலை செய்ற பெரிய கடையில சேரலாமா? எப்பிடி இருக்கும்?" என்பார்கள். "நல்ல வேலைதான், சேருங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் அந்தக் கடையில், கொடகவெலப் பக்கத்து டவுன் கிளையில், பதினாலு வருடமாக வேலை செய்கிறேன், முதல் வருடம் தவிர மற்றதெல்லாம் இறைச்சிப் பகுதியில். நான் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்கிறேன். அந்தக் கடைக்குள் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கை உடைந்தது. அவள் திருடினாள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இன்னும் நிற்கிறது. கை உடைந்த நேரத்தில் நான் அந்த அறையில் இருந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் முழுதாகும்.

கடைக்குப் போகும் முன் நான் தோட்டத்தில் சில்லறை வேலைக்காரன். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவேன், பட்டுப்போன ரப்பர் மரம் சாய்ப்பேன். ஒரு நாள் நான் வெட்டிய கான் கோணலாகப் போய்விட்டது. பீல்டு ஒபீசர் கையிலிருந்த மட்டக்கம்பால் என் முதுகில் அடித்தார். கம்பு முறிந்தது. முறிந்ததற்கும் சேர்த்து என்னைத்தான் திட்டினார். பக்கத்தில் பதினைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள், ஒருவரும் நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. அடுத்த நாள் அதே கானை நேராக்கச் சொன்னார், நேராக்கினேன். அடியும் வேலையில் ஒரு பகுதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடையில் என்னை எடுத்தபோது மெனேஜர் சிங்களத்தில், "என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டார். "தூக்கத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து ஒரு சோடி கொடுத்தார். முப்பத்தைந்து வயதில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் சப்பாத்து அது. சம்பளம் சொன்ன தேதியில் வந்தது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், தோட்டத்தில் மாதிரி அரை நாள் கூலிக்கு அரைப்பேர் போடுவதில்லை, வந்தால் முழு நாள்தான். மாதத்தில் ஒரு நாள், அந்த மாதம் பிறந்த வேலைக்காரர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு கேக் வெட்டுவார்கள். ஒரு தடவை கேஷியர் பிள்ளை ஒன்று வந்து, "அண்ணே, வாங்க, இன்னிக்கு நீங்களும் வெட்டணும்" என்றது.

"நான் எதுக்கு?"

"இந்த மாசம் பொறந்திருக்கீங்க."

"யார் சொன்னது?"

"உங்க ஐடென்டிட்டி கார்டு சொல்லுது."

எல்லாரும் கைதட்ட, நான் தலையைக் குனிந்துகொண்டு வெட்டினேன். என் பிறந்தநாளை ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், தோட்டத்தில் முதுகில் கம்பு முறியாதவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் வருடம் என்னை இறைச்சிப் பகுதிக்கு மாற்றினார்கள். பெட்டியில் வரும் கோழி கல் மாதிரி உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டியோடு தூக்கித் தரையில் போட்டால்தான் பிரியும். பிறகு கத்தி. ஒரு கோழிக்குப் பன்னிரண்டு வெட்டு. வாடிக்கையாளர் சின்னதாகக் கேட்டால் இருபது. எலும்பு சிதறி முகத்தில் ஒட்டும். பெரிய மீனை வெட்டுவதற்குப் பட்டை வாள் ஓடும் மெஷின் ஒன்று இருந்தது. மதியம் வரை நின்றால் என் வெள்ளை ஏப்ரன் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சிவந்துவிடும்.

அந்த மெஷின்தான் என் விரல்களை எடுத்தது. சித்திரைப் புதுவருடத்துக்கு முந்தின நாள், ஒரே கூட்டம். மீன் வழுக்கியது, கையும் அதோடு போனது. வலிக்கவில்லை, சத்தம்தான் கேட்டது. மீன் முள்ளை அறுக்கும்போது வரும் அதே சத்தம். எதிரே நின்ற அம்மா ஒருத்தி, "என்னோட மீன்ல ரத்தம்" என்றாள். மெனேஜர் ஓடிவந்து விரல் துண்டுகளை ஒரு யோகட் கப்பில் ஐஸோடு போட்டு, தன் சொந்தக் காரில் என்னை இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார். சீட்டெல்லாம் இரத்தம். வழி முழுக்க, "கண்ண மூடாத, பேசு, பேசு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் ஸ்டோரில் இருக்கும் சாமான்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். விரல்களை ஒட்ட முடியவில்லை. ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது, இன்சூரன்ஸும் வந்தது. தோட்டத்தில் என் அப்பாவின் பாதத்தில் கத்தி இறங்கியபோது, பாதி நாளில் வீட்டுக்குப் போனதற்காக அவருக்கு அரைப்பேர் போட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த இடம் நல்லதென்று யாருக்கும் தெரியும்.

இனி அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடையின் பின்பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்கும் அறை ஒன்று. கூரை வரைக்கும் காகித அட்டைப் பெட்டிகள். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. கடையில் கேமரா இல்லாத இடமும் அதுதான். சாமான் எடுத்து மாட்டிக்கொள்கிறவர்களை அங்கேதான் கொண்டுபோவார்கள். வாசல் காவலுக்கு நின்றவன் முன்பு ஆமியில் இருந்தவன். என்னைவிட நாலு வயது மூத்தவன், என்னைத் தம்பி என்ற அர்த்தத்தில் "மல்லி" என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் மூன்று நாய் வளர்த்தான். சாயங்காலம் கோழிக் கழுத்து, எலும்பெல்லாம் அவனுக்குப் பையில் கட்டிவைப்பேன். நல்ல மாதிரிப் பேசுவான். அந்த அறைக்குள் போனால் வேறு ஆள். முதலில் அறைவான், கேள்வி பிறகுதான். பூச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் ஹோஸில் ஒரு முழம் வெட்டி வைத்திருந்தான். அது தோலைக் கிழிக்காது.

அடித்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஸ்பீக்கரில் அறிவிப்பு வரும். "இறைச்சிப் பகுதி, பெட்டி எடுக்க வரவும்." வாடிக்கையாளருக்கு அது சாதாரண அறிவிப்பு. எனக்கு, ஏப்ரனைக் கழற்றாமல், கத்தியையும் கீழே வைக்காமல் வா என்று அர்த்தம். நான் போய்க் கதவருகே நிற்பேன். காவல்காரன் பிடிபட்டவனிடம் சிங்களத்தில் சொல்வான்: "இவன் தமிழன். நீ அழுதாலும் இவனுக்கு ஒண்ணும் வெளங்காது. வெட்ட மட்டுந்தான் தெரியும்."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். நான் சிங்களத்தில் கனவே காண்கிறவன். ஆனால் பேசமாட்டேன். பேசாதவனைப் பார்த்தால் பயம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் வெட்கத்தை அவர்கள் அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஷாம்பு போத்தலோடு பிடிபட்ட ஒரு ஆள் என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டான். இன்னொருவன் ஓடப் பார்த்து, பெட்டி நசுக்கும் மெஷினில் மோதி முன்பல் இரண்டு விழுந்தது. கோழி இரத்தம் துடைக்கும் துடைப்பத்தால்தான் அதையும் துடைத்தேன். கடைசியில், 'நான் திருடினேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்தோ பெருவிரலோ வாங்குவார்கள். படம் எடுத்துப் பின்சுவரில் ஒட்டுவார்கள். அதன் பிறகு அவன் அந்த டவுனில் தலை நிமிர முடியாது.

எல்லாம் முடிந்ததும் எனக்கு டீயும் பணிஸ் ரொட்டியும் வரும். காவல்காரன் என் தோளில் கை போட்டு உட்காருவான். மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை.

சாமான் விலை தாறுமாறாக ஏறின காலம். பால்மா வந்தால் வாசலில் அடிபிடி நடக்கும். சட்டை கிழியும், ஒருவர் காலில் ஒருவர் ஏறுவார்கள். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் தோட்டத்துக்கு வீட்டுக்கொரு வவுச்சர் கொடுத்தது. எங்கள் கடையில் மட்டும்தான் அதைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம். தோட்டத்தில் பாதிப் பேர் அதுவரைக்கும் இப்படிக் கடைக்குள் கால் வைத்ததில்லை. தோட்டத்து வாசல் கடையில் நாம் சொல்வோம், முதலாளி எடுத்துத் தருவார், கொப்பியில் எழுதுவார். நாமே எடுக்கிற பழக்கம் இல்லை.

அவள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஐந்து காம்பரா தள்ளி இருக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அவளை ஒருவரும் முந்த முடியாது. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ குறைப்பார். இவள் மட்டும் தராசு முள்ளிலேயே கண்ணை வைத்து நின்று, "அது நிக்கட்டும் ஐயா, ஆடி முடியட்டும், பொறவு எழுதுங்க" என்பாள். அதற்காகவே அவளுக்கு எதிரிகள் உண்டு.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்துபோனார்கள். அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை தனியாக வந்தாள். அவள் வந்தது எனக்குத் தெரியாது. நடந்ததைப் பிறகு கேமராவில் பார்த்தேன், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வாசலில் அடுக்கியிருந்த கூடையை அவள் தொடவில்லை. அது கடைக்காரருடைய சாமான் என்று நினைத்திருப்பாள். தோளில் கொண்டுவந்த தன் சாக்குப் பையில் பருப்பு, பால்மா, சோப், டின் மீன் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். கொழுந்து எடுக்கிறவள் வேறெப்படி எடுப்பாள்? மலை முழுக்க நடந்து தன் பையில்தான் எடுப்பாள், கடைசியில் மடுவத்தில் போய் நிறுப்பாள், நிறுத்ததைத்தான் எழுதுவார்கள். அவள் கடையைச் சுற்றிவந்து தராசைத் தேடினாள். எங்கள் கடையில் மரக்கறி நிறுக்கும் தராசு வாசல் பக்கம் இருக்கிறது. கேஷியர்களைத் தாண்டிப் போய், பையை அப்படியே தூக்கி அந்தத் தராசில் வைத்தாள். வவுச்சரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தராசில் ஓடும் இலக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். எழுத ஆள் வரும் என்று காத்திருந்தாள்.

காவல்காரன் வந்தான்.

ஸ்பீக்கரில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கோழி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு போனேன். கதவைத் திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள். முடி அவிழ்ந்திருந்தது, ஒரு காதில் தோடு இல்லை, காது கிழிந்து கழுத்து வரை இரத்தம். உதவி மெனேஜர், டை கட்டின இளம் ஆள், தாளும் மைப்பெட்டியும் வைத்துக்கொண்டு நின்றார். "வவுச்சர கையில வச்சிக்கிட்டே எடுக்குறா பாருங்க" என்று காவல்காரனிடம் சொன்னார்.

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இன்னும் நிறுக்கலயே. நிறுத்தாத்தானே தெரியும். நிறுக்கலயே."

அவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குச் சொன்ன உடனே புரிந்துவிட்டது. மடுவமும் தராசும் கணக்கப்பிள்ளையும் கண்ணுக்கு முன் வந்தது. அவள் என்ன செய்திருக்கிறாள் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்து நாலு சொல் சொன்னால் போதும். நான் கதவருகே நின்றேன்.

முதல் அடி முதுகில் விழுந்தது. அவள் மூச்சு வெளியே போகிற சத்தம் கேட்டது. நான் நின்றேன். வழக்கம்போலக் காவல்காரன் என்னைக் காட்டி, "இவனுக்கு ஒண்ணும் வெளங்காது" என்று சிங்களத்தில் தொடங்கினான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, நீயா? நீ சொல்லு இவங்ககிட்ட. மடுவத்துல வைக்கிறாப்லதான் வச்சேன்."

நான் நின்றேன். இரண்டாவது அடிக்கு அவள் வலது கையை உயர்த்தினாள். ஹோஸ் மணிக்கட்டில் இறங்கியது. வருடக்கணக்காக எலும்பு வெட்டுகிறவன் நான். எலும்பு போகிற சத்தத்தை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மூன்றாவது தடவை அவன் கை மேலே போனபோது என் கை தானாக எழும்பிவிட்டது. கத்தியின் தட்டைப் பக்கத்தால்தான் அவன் முன்கையில் அடித்தேன். ஆனால் கத்தி திரும்பிவிட்டது. சதை பிளந்து இரத்தம் பெட்டிகளில் தெறித்தது. ஹோஸ் கீழே விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, மல்லி" என்று பின்னால் போனான். உதவி மெனேஜர் பெட்டிக் குவியலில் மோத, கூரை வரை அடுக்கியது சரிந்து அவர் மேலேயே விழுந்தது.

"அவ நிறுக்க வச்சா" என்று சிங்களத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எடுத்துக்கிட்டுப் போகல. தராசுல வச்சா. கேமராவ பாருங்க. பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இவள ஒருத்தரும் தொடக்கூடாது."

மெனேஜர் கேமராவை இரண்டு தடவை பார்த்தார். அதில் அவள் இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட வவுச்சரோடு தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வாடிக்கையாளர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மெனேஜர் திரும்பி, "அந்த மைப்பெட்டிய எடுத்து உள்ள வை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து காரில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். காவல்காரனுக்கு ஏழு தையல், ஆனால் அவன் போலீசுக்குப் போகவில்லை. போனால் எந்த அறை, ஏன் என்று சொல்ல வேண்டிவரும். அவனை வேறு கிளைக்கு அனுப்பினார்கள். என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். அந்தப் பெண் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள், நான் வேறு எதையும் பார்க்கவில்லை, வெளியே பேசமாட்டேன். கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும். வைக்காவிட்டால் கத்தியால் வெட்டியதற்குக் கேஸ் போகும். வைத்தேன். அவளுக்கும் ஒரு தாள். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனி பார்க்கும், அவள் புகார் செய்யக் கூடாது. வலது கை கட்டுப் போட்டிருந்ததால் இடது பெருவிரலைப் பிடித்து வைத்தார்கள். எப்படியோ அவள் பெருவிரலை வாங்கிவிட்டார்கள்.

செலவைப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அந்த அறையையும் மூடிவிட்டார்கள். 'கூடையைப் பயன்படுத்தவும்' என்று தமிழிலும் ஒரு பலகை தொங்குகிறது. ஆனால் கம்பெனி வேனில், பூப்போட்ட தாள் சுற்றிய பெரிய ஹேம்பர் கூடை ஒன்றைக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்கியது. "ஒண்ணுமே செய்யாதவளுக்கு இம்புட்டுச் சாமான வேன் வச்சா கொண்டாந்து குடுப்பானுங்க?" என்று லயத்தில் பேச்சு எழும்பியது. அவளால் பதில் சொல்ல முடியாது, தாள் இருக்கிறது. மடுவத்தில் கணக்கப்பிள்ளைக்கு நல்ல வசதி. "பையப் பாத்து வைம்மா, இது டவுன் கடை இல்ல" என்பார். வரிசையே சிரிக்கும். மணிக்கட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது, விரல் சரியாக மடங்குவதில்லை. எல்லாரையும் முந்தினவளுக்கு இப்போது பாதி நாள் அரைப்பேர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழியோடு அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். கோழிப் பையைத் தொடவில்லை.

"கை எப்பிடிக்கா இருக்கு?"

"இருக்கு. தோள்ல தொங்குது." முந்தானையால் அந்தக் கையை மூடிக்கொண்டு, "மூணாவது அடிய நீ தடுத்த. நான் இல்லன்னு சொல்லல. மொத ரெண்டு அடி விழுறப்ப எங்க நின்ன?" என்றாள்.

"கதவுகிட்ட."

"எனக்குத் தெரிஞ்சது பஸ்ஸுக்கு வேண்டிய சிங்களம். பயத்துல அதுவும் ஓடிருச்சு. ஒனக்கு நல்லாத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"நிறுக்கலன்னு நான் சொன்னது ஒனக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சு. சொன்ன ஒடனே."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பில் இருந்த கேத்தலை இடது கையால் இறக்கி வைத்தாள்.

"அப்ப அத எழுதிக் குடு. ஓங் கையால. கோயில் கமிட்டிக் கூட்டத்துல வாசிக்கச் சொல்றேன்."

"கையெழுத்து வச்சிருக்கேன்க்கா. வெளிய சொன்னா வேலை போயிரும். கேஸும் போடுவாங்க."

"தெரியும். நானுந்தான் வெரல் வச்சிருக்கேன்." என் கையிலிருந்த கோழிப் பையைப் பார்த்தாள். "கோழி எல்லாக் கடையிலயும் இருக்குப்பா. எடுத்துக்கிட்டுப் போ. எழுதினா வா."

அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் போய்விட்டது. தினமும் காலையில் அவள் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். அவள் என்னை ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் மலையில் கால் இடறி, அந்தக் கையையே ஊன்றி விழுந்துவிட்டாள். இனி மலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் இதைச் சொல்லிவிட்டு, "டவுன் கடையில திருடப் போயி ஒடிஞ்ச கை, அதான்" என்றாள்.

பௌர்ணமிப் போயா நாளில் இறைச்சி விற்கக் கூடாது. இறைச்சிப் பகுதியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள், எனக்கு லீவு. காலையிலிருந்து எழுதுகிறேன், மூன்று தடவை கிழித்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை. நிறுக்கத்தான் வைத்தாள். வவுச்சர் அவள் கையிலேயே இருந்தது. அடித்தார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு எல்லாம் விளங்கியது. இதைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் சத்தமாக வாசிக்கலாம். கடையிலிருந்து யாராவது வந்து கேட்டால், நான் எழுதியதுதான் என்று சொல்லுங்கள். இப்போது எழும்பி ஐந்து காம்பரா தள்ளிப் போய்க் கொடுக்கப் போகிறேன்.

எசல போயா தினம், வியாழக்கிழமை.